குளிரை மறக்காத செடியும் நிக்கொலாய் வவிலோவும்

எங்கள் கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் ஒரு கூற்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. போரில் நாங்கள் பட்ட பசியும் பயமும் எங்கள் பரம்பரையலகுகளில் பதிந்துவிட்டன, இனிப் பிறக்கும் பிள்ளைகளும் அதைச் சுமந்துகொண்டுதான் பிறப்பார்கள் என்பது அந்தக் கூற்று. இதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்பவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு ரஷ்யத் தாவரவியலாளரின் ஞாபகம் வந்துவிடும். ஓர் உயிர் தன் வாழ்நாளில் பட்டது அப்படியே விதைக்குள் இறங்கிப் பரம்பரைக்கும் போகும் என்ற கூற்றைச் சோதித்துப் பாராமல் ஏற்கமாட்டேன் என்று நின்றவர் அவர். அவர் சிறையில் சாக நேர்ந்ததற்கு அந்தப் பிடிவாதம் ஒரு முக்கியமான காரணம். பெயர் நிக்கொலாய் இவானோவிச் வவிலோவ்.

1887 நவம்பரில் மொஸ்கோவில் பிறந்தார். தகப்பன் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து துணி வியாபாரத்தில் முன்னேறியவர். தம்பி சேர்கேய் பின்னாளில் பெயர்பெற்ற பௌதிகவியலாளர். வவிலோவுக்கு நான்கு வயதானபோது ரஷ்யாவின் வொல்கா ஆற்றுப் பகுதியைப் பெரும் பஞ்சம் தாக்கியது. அதன் பிறகும் அந்த நாட்டைப் பஞ்சம் விட்டுவைக்கவில்லை. 1921இல் மறுபடி வந்தது. 1932, 1933இல் உக்ரேனில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. மொஸ்கோ விவசாயக் கல்லூரியில் படித்து முடித்த அந்த இளைஞர், பசியை ஒழிப்பதற்கான வழி விதையில்தான் இருக்கிறது என்று நம்பியதில் வியப்பில்லை.

1913இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். இலண்டனுக்கு அருகே மேர்ட்டனில் இருந்த ஜோன் இன்ஸ் நிறுவனத்தில் வில்லியம் பேற்சனிடம் படித்தார். பிறப்புரிமையியல் என்று நாங்கள் பாடசாலையில் படித்த துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அந்தப் பேற்சன்தான். ஜோன் இன்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

1917இல் சரத்தோவ் நகரின் பேராசிரியரானார். அதுவும் திரும்ப வரப்போகும் பெயர். 1921இல் பெத்ரோகிராட்டுக்கு, பின்னர் லெனின்கிராட் ஆன அதே நகரத்துக்குப் போய், பயிர்த் தாவரங்களுக்கான அரச நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்துதான் அவருடைய பயணங்கள் தொடங்கின. ஆப்கானிஸ்தான், எதியோப்பியா, மத்தியதரைக் கடல் நாடுகள், மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா, மெக்சிக்கோ, பெரு என்று போன இடமெல்லாம் சந்தைகளிலும் வயல்களிலும் நின்று கைப்பிடி கைப்பிடியாக விதை சேர்த்தார். ஒரு பயிர் எங்கே அதிக வகைகளாகக் காணப்படுகிறதோ, மனிதன் அதை முதலில் பயிரிட்ட இடம் அங்கேதான் இருக்கவேண்டும் என்று 1926இல் எழுதினார். இன்றைக்கும் பயிர்களின் பூர்வீகத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1940 அளவில் அவருடைய நிறுவனத்திடம் ஏறத்தாழ 2,50,000 விதை மாதிரிகள் இருந்தன. உலகத்தில் அப்போது அதைப்போல் வேறொன்று கிடையாது.

இனிக் குளிருக்கு வருவோம்.

எங்கள் நெல்லுக்குக் குளிர்காலம் வேண்டியதில்லை. மழையும் தண்ணீரும் காலத்துக்குக் கிடைத்தால் கதிர் வந்துவிடும். ரஷ்யாவின் கோதுமை அப்படியல்ல. அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்றை வசந்தத்தில் விதைத்து அதே ஆண்டில் அறுப்பார்கள். மற்றதை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். சின்னப் பயிராகப் பனிக்குள் கிடந்து, பனி கரைந்த பிறகு எழும்பிக் கதிர்விடும். விளைச்சல் பொதுவாக இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் இந்தக் குளிர்காலக் கோதுமையைக் குளிர் படாமல் வசந்தத்தில் விதைத்தால் வெறும் இலையாகத் தழைத்துக்கொண்டே நிற்கும், கதிர் வராது. பல வாரக் குளிர் பட்டால்தான் அது பூக்கும். இதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. இலையுதிர் காலத்தின் இளவெயிலை வசந்தம் என்று நம்பிப் பூத்துவிட்டால், பின்னால் வரும் உறைபனியில் பூவெல்லாம் கருகிவிடும்.

ஊறவைத்த விதையைக் குளிரில் வைத்திருந்து விதைத்தால் இந்தத் தேவையைத் தீர்க்கலாம் என்பது பழைய செய்தி. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜேர்மனியில் காஸ்னர் என்பவர் 1918இல் ஒழுங்காக ஆராய்ந்து வெளியிட்டார். 1920களின் கடைசியில் உக்ரேனில் அடுத்தடுத்த கடுங்குளிரில் குளிர்காலக் கோதுமை பெருமளவு அழிந்தபோது, துரோஃபிம் லைசென்கோ என்ற இளம் விவசாய விஞ்ஞானி இதைத் தன் கண்டுபிடிப்பாக முன்வைத்தார். உக்ரேன் கிராமத்து விவசாயியின் மகன். 1929இல் தகப்பனின் வயலிலேயே, நனைத்துப் பனிக்குள் வைத்திருந்த குளிர்கால விதையை வசந்தத்தில் விதைத்துக் கதிர் காட்டினார். அதற்கு வசந்தப் பயிராக்குதல் என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லொன்றைப் பெயராக வைத்தார். குளிர்ப்பதனம் என்று நாம் சொல்லலாம். பத்திரிகைகள் அவரை வெறுங்காலோடு நடக்கும் விஞ்ஞானி என்று கொண்டாடின.

வவிலோவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லைசென்கோவைத் தூக்கிவிட்டவர்களில் வவிலோவும் ஒருவர். குளிர்ப்பதனத்தால் வெவ்வேறு காலங்களில் பூக்கும் பயிர்களை ஒரே நேரத்தில் பூக்கவைத்து இனக்கலப்புச் செய்யலாம் என்று அவர் கண்டார். உலகெங்கும் விதை சேர்த்து வைத்திருந்தவருக்கு அது பெரிய உதவி. ஏழைக் குடும்பத்துப் பொடியன் ஒருவன் மேலே வருகிறான் என்ற மகிழ்ச்சியும் இருந்திருக்கும். 1930களின் முதற்பாதியில் அவரை விருதுக்கும் அகாதமி உறுப்புரிமைக்கும் பரிந்துரைத்தார். பெரிய மனசு என்று சிலர் சொல்வார்கள். ஆளை எடைபோடத் தெரியாத பிழை என்றுதான் நான் சொல்வேன்.

லைசென்கோ விதையைக் குளிரூட்டுவதோடு நிற்கவில்லை. இப்படிப் பழக்கிய குளிர்காலக் கோதுமையின் வாரிசுகள் நிரந்தரமாகவே வசந்தக் கோதுமையாகிவிடும் என்றார். அதாவது தாய்ச்செடி பட்டதை மகள்செடி பிறவியிலேயே கொண்டுவரும். பரம்பரையலகு என்று எதுவுமில்லை, அது முதலாளித்துவக் கற்பனை என்றார். அவருடைய புகழ்பெற்ற பரிசோதனையொன்று இரண்டே செடிகளில் தொடங்கியது. அதில் ஒன்று இடையில் செத்துப்போனது. மற்றதன் வழித்தோன்றல்களை வைத்துக்கொண்டு ஒரு முழு விதியையே அறிவித்தார். குளிர்ப்பதனத்தால் விளைச்சல் கூடிய கணக்கு எப்படி வந்தது என்றால், கூட்டுப்பண்ணைகளுக்கு வினாக்கொத்து அனுப்பி வந்தது. பதனம் செய்யாத வயலோடு ஒப்பிடுவது பெரும்பாலும் நடக்கவில்லை. விளைச்சல் குறைந்தது என்று எழுதினால் நாசகாரன் என்ற பெயர் வரும் காலத்தில் எந்தப் பண்ணைத் தலைவர் உண்மையை எழுதுவார்? ஈரவிதையைக் கொட்டகைகளில் குவித்து நாட்கணக்காகக் கிளறிக்கொண்டிருந்த சனத்துக்குத்தான் அது எவ்வளவு அழுகிப்போனது என்று தெரியும்.

அரசு அவசரத்தில் இருந்தது. புதிய பயிரினங்களைச் சில ஆண்டுகளுக்குள் உருவாக்கவேண்டும் என்று 1931இல் ஆணை வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும் என்பது வவிலோவின் கணக்கு. இன்னும் விரைவாகவே செய்கிறேன் என்றார் லைசென்கோ. பசித்த நாடொன்றின் ஆட்சியாளருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1935இல் கிரெம்ளினில் நடந்த கூட்டமொன்றில், எதிர்க்கும் விஞ்ஞானிகளை வர்க்க எதிரிகள் என்று லைசென்கோ பேசியபோது ஸ்டாலினே பகிரங்கமாகப் பாராட்டினார். அதே ஆண்டில் வவிலோவிடமிருந்து விவசாய அகாதமியின் தலைமைப் பதவி போயிற்று. 1938இல் அது லைசென்கோவிடம் வந்தது.

இதற்கிடையில் ஒழுங்கான சோதனைகளும் நடந்தன. பல கோதுமை இனங்களைப் பல நிலையங்களில், பல ஆண்டுகள் தொடர்ந்து விதைத்துப் பார்த்தவர்கள், குளிர்ப்பதனத்தால் விளைச்சலில் சொல்லும்படியான இலாபமில்லை என்று 1936இல் வெளியிட்டார்கள். யாரும் மறுத்து நிரூபிக்கவில்லை. மறுத்து நிரூபிக்கவேண்டிய அவசியம் லைசென்கோவுக்கு இருக்கவுமில்லை. பிறப்புரிமையியலாளர்கள் ஒவ்வொருவராகக் கைதானார்கள். 1939இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மாநாட்டுக்கு வவிலோவைத் தலைவராகத் தெரிந்திருந்தார்கள். போக அனுமதி கிடைக்கவில்லை. அவர் இப்போது வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். காலம் கடந்துதான் பேசினார், ஆனால் பின்வாங்கவில்லை.

1940 ஓகஸ்ட் 6. மேற்கு உக்ரேனின் செர்னிவ்ற்சி நகரத்துக்கு விதை தேடிப் போயிருந்தார். மாலையில் கறுப்புக் கார் ஒன்று வந்தது. மொஸ்கோவில் அவசரமாகத் தேடுகிறார்கள் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய பையில் அன்று சேர்த்த பழைய கோதுமை வகையொன்றின் கதிர்கள் இருந்ததாக உடன்போனவர்கள் பின்னர் எழுதியிருக்கிறார்கள். மாதக்கணக்கில், பெரும்பாலும் இரவுகளில் விசாரித்தார்கள். நாசவேலை, உளவு என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலை 9 அன்று சில நிமிடங்களில் முடிந்த விசாரணையில் மரண தண்டனை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஜேர்மன் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்திருந்தன. ஒக்டோபரில் மொஸ்கோவை நெருங்கியதும் கைதிகளைக் கிழக்கே அனுப்பினார்கள். வவிலோவ் போய்ச் சேர்ந்தது சரத்தோவ் சிறைக்கு. தான் பேராசிரியராக இருந்த அதே நகரம்.

லெனின்கிராட்டில் அவருடைய நிறுவனம் முற்றுகைக்குள் அகப்பட்டது. 1941 செப்டெம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை, 872 நாட்கள். வெளியே சனம் தோல்வாரை அவித்துத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே தொன்கணக்கில் நெல், கோதுமை, பயறு, கச்சான். ஊழியர்கள் எலிகளை விரட்டினார்கள். உருளைக்கிழங்கு குளிரில் உறைந்துவிடாமல் இருக்கக் கிடைத்த மரத்தையெல்லாம் எரித்தார்கள். விதையை மட்டும் தொடவில்லை. நெல்லுக்குப் பொறுப்பாக இருந்த திமித்ரி இவானோவும் கச்சானுக்குப் பொறுப்பாக இருந்த அலெக்சாண்டர் ஷூக்கினும் பட்டினியில் செத்தார்கள். அவர்களைப்போல் இன்னும் பலர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்த இரவில், எங்கள் அப்பு உடுபுடவையை விட்டுவிட்டு விதைநெல் மூட்டையைத்தான் சைக்கிளில் கட்டினார். தென்மராட்சியில் பசி வந்தபோதும் அதை அவிழ்க்க விடவில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபம். இவானோவைப் பற்றி வாசித்த பிறகு அந்தக் கோபத்தை வேறுமாதிரி யோசிக்கிறேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

தங்கள் இயக்குநர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அந்த ஊழியர்களுக்குத் தெரியாது. வீட்டாருக்கும் தெரியாது.

வவிலோவின் மனைவி எலேனா பருலினாவும் தாவரவியலாளர். நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று சமைக்கும் பயிரைப் பற்றி 1930இல் அவர் எழுதிய பெரிய ஆய்வில் வகுத்த வகைப்பாட்டை ஆய்வாளர்கள் பிற்காலத்திலும் பயன்படுத்தினார்கள். போர் வந்ததும் மகன் யூரியைக் கூட்டிக்கொண்டு தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்த ஊர் சரத்தோவ். சிறைக்குச் சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தார்கள். கணவர் மொஸ்கோவில் இருக்கிறார் என்று நினைத்து, தங்களுக்கே போதாத உணவில் மிச்சம் பிடித்துப் பொதி கட்டி மொஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு பொதியும் அவர் கைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த இடத்தை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போனேன். இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வயது முதிர்ந்த ஆசிரியர் பிரியானிஷ்னிகோவ் மட்டும் தன் மாணவனுக்காக மேலிடங்களில் தொடர்ந்து மன்றாடினார். சிறையில் இருக்கிறார் என்று தெரிந்தும் அரச விருதுக்கு வவிலோவின் பெயரைப் பரிந்துரைத்த துணிச்சல்காரர் அவர். 1942இல் மரண தண்டனை 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி வவிலோவைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிந்தது. மொஸ்கோ சிறையில் விவசாயத்தின் உலக வரலாறு பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். சரத்தோவில் சக கைதிகளுக்கு உயிரியல் வகுப்பு எடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை அகப்படவில்லை. 1943 ஜனவரி 26 அன்று பட்டினியால் நலிந்து சிறை மருத்துவமனையில் இறந்தார். பசியை ஒழிக்க ஐந்து கண்டங்களில் விதை தேடியவருக்கு வயது 55.

அந்தக் கேள்விக்கு விடை வர இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது. வந்த இடம் ஜோன் இன்ஸ். அந்த நிறுவனம் 1967இல் நோரிச் நகரத்துக்கு இடம்மாறியிருந்தது. 1988இலிருந்து அங்கே கரோலின் டீன் என்ற விஞ்ஞானி, கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறு களையை வைத்துக்கொண்டு, செடி குளிரை எப்படி ஞாபகம் வைக்கிறது என்று தேடினார்.

அந்தச் செடியில் பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும் பரம்பரையலகு ஒன்று இருக்கிறது. எஃப்.எல்.சி என்று பெயர். அது வேலை செய்யும்வரை பூ இல்லை. குளிர் வாரக்கணக்காக நீடிக்கும்போது, அந்தப் பரம்பரையலகு சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சிறிய இரசாயனக் குறிகள் ஏறுகின்றன. நூல் கட்டையில் இறுக்கிச் சுற்றியதுபோல் அந்தப் பகுதி மூடப்பட்டு, வாசிக்கப்படாமல் போகிறது. எழுத்து மாறவில்லை; புத்தகம் கட்டிவைக்கப்படுகிறது. எபிஜெனெடிக் என்று சொல்வது இதைத்தான். எனக்கு மிகவும் பிடித்தது இதற்குள் இருக்கும் கணக்குத்தான். ஒவ்வொரு கலத்திலும் அது முழுதாக மூடியிருக்கும், அல்லது முழுதாகத் திறந்திருக்கும், அரைகுறை கிடையாது. குளிர் நீள நீள மூடிய கலங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஓர் இரவுக் குளிரைக் குளிர்காலம் என்று செடி ஏமாறாமல், வாரங்களை எண்ணுவது இப்படித்தான். வெயில் திரும்பிய பிறகும் மூடியது மூடியபடி இருக்கும். கலம் பிரியும்போது குறிகளும் புதிய கலங்களுக்குப் போகும். தடை நீங்கிச் செடி பூக்கும்.

பூத்து, விதைக்குள் முளையம் உருவாகும்போது அந்தக் குறிகள் எல்லாம் துடைக்கப்படுகின்றன. பரம்பரையலகு மறுபடி திறக்கிறது. மகள்செடி தனக்கான குளிர்காலத்தைத் தானே கண்டால்தான் பூக்கும். கோதுமையில் இந்த வேலையைச் செய்வது வேறு பரம்பரையலகுகள். ஆனால் குளிர்காலக் கோதுமைக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் குளிர் வேண்டும். செடி பட்டதை ஞாபகம் வைத்திருக்கும் என்பதில் லைசென்கோ சொன்னது சரி. விதைக்குள்ளும் அது போகும் என்றது பிழை. ஒழுங்காக நான்கு பருவம் விதைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்று ரஷ்யாவில் சிலர், எபிஜெனெடிக்ஸ் லைசென்கோவை மெய்ப்பித்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அவருடைய சொந்தப் பரிசோதனையின் விடையையே அவர்கள் வாசிக்கவில்லை போலும். தாவரங்களில் வேறு சில குறிகள் தலைமுறை தாண்டிப் போவதுண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. குளிரின் ஞாபகம் அப்படிப் போவதில்லை.

மனிதரைப் பற்றி என்ன? 1944, 1945இல் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகள் கழித்தும் சில குறிகள் வேறுபட்டிருந்ததை 2008இல் கண்டார்கள். அவர்கள் கருப்பையில் தாங்களே பசியைப் பட்டவர்கள். வன்னியில் 2009இல் கர்ப்பமாக இருந்த தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் கவனத்தோடு பார்க்க அது போதிய காரணம். ஆனால் பசியைத் தானே படாத பேரப்பிள்ளைக்கும் அது கலம் வழியாகப் போகிறது என்பதற்கு மனிதரில் உறுதியான சான்று இன்னும் இல்லை. எங்களிலும் இந்தக் குறிகளில் பெரும்பகுதி ஒவ்வொரு தலைமுறையின் தொடக்கத்திலும் துடைக்கப்படுகிறது. ஒரு பிள்ளை இரவில் அலறி எழும்புகிறது என்றால், அதற்குரிய காரணம் பேசாத தகப்பனிலும், அடிக்கடி வந்து விசாரிக்கும் ஆட்களிலும், பதிலே வராத முறைப்பாட்டிலும் இருக்கக்கூடும். அவற்றைத் தேடாமல் பரம்பரையலகில் பழியைப் போட்டால் யாருக்கு வசதி என்று யோசிக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளைப் பிறவியிலேயே பழுதானவர்கள் என்று நாங்களே சொல்லக்கூடாது. சான்று வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

லைசென்கோ 1948இல் சோவியத் ஒன்றியத்தில் பிறப்புரிமையியலையே தடைசெய்ய வைத்தார். 1965இல்தான் முழுதாகப் பதவி இழந்தார். 1976இல் முதுமையில் இறந்தார். தம்பி சேர்கேய் வவிலோவை 1945இல் விஞ்ஞான அகாதமியின் தலைவராக்கினார்கள். அண்ணனைக் கொன்ற ஆட்சியின் கீழ் சாகும்வரை அந்தக் கதிரையில் இருந்தார். அவரைத் தீர்ப்பிட எனக்கு மனமில்லை. மகன் யூரி தகப்பனைப் பற்றிய ஆவணங்களைத் தேடுவதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார்.

1955 ஓகஸ்டில் இராணுவ நீதிமன்றம் தண்டனையை இரத்துச் செய்தது. குற்றமே நடக்கவில்லை என்ற கடதாசி எலேனாவின் கைக்கு வந்தது. அதன் பிறகு அவர் இரண்டு ஆண்டுகள் இருந்தார். சரத்தோவின் வொஸ்கிரெசென்ஸ்க் மயானத்தில் வவிலோவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கைதிகளைப் பொதுக்குழியில் புதைத்தபடியால், கல் நிற்கும் இடத்தில்தான் அவர் கிடக்கிறார் என்று யாராலும் சொல்லமுடியாது.